மணமகள் தேவை (ஆ/பெ)

எங்கள் தெருவில் சிவப்பு விளக்குக்கு உண்மையாக மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஜெர்மன்காரர்கள்கூட அதிகாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் மெல்லக் கடந்துவிடுவார்கள். அவர் நிற்பார். வுப்பர்டாலில் மழை பெய்யாத நாள் குறைவு என்பதால் பெரும்பாலும் நனைந்துகொண்டே நிற்பார். ஒருமுறை அந்த விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. அவரும் அதன் முன்னால் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு அடுத்த விளக்கு வரைக்கும் நடந்து போய், அங்கே கடந்து, அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்து, நேர் எதிரே இருந்த தன் கடையைத் திறந்தார். கடை பிந்தித் திறந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக் கதவில் ஒரு காகிதமும் ஒட்டினார்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. கேட்காமல் ஒருவரின் பெயரை அச்சில் போடக் கூடாது என்று இந்த நாட்டில் ஏதாவது சட்டம் இருக்கும் என்பார். தமிழ்ச் சனம் முழுக்க அவரைச் சட்டத்தார் என்றுதான் சொல்லும். முகத்துக்கு முன்னால் அண்ணை.

அவருடைய தமிழ்க் கடைக்கு மேலே முதலாம் மாடியில் மனைவி, மகளோடு அவரும், இரண்டாம் மாடியில் நானும் குடியிருந்தோம். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வேலை முடிந்து வரும்போது கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து, நாலு கதை கேட்டால்தான் படி ஏறக் கால் வரும். டொச், அதாவது ஜெர்மன் மொழி ஓரளவு ஒழுங்காக எனக்கு வரும் என்பதால், சட்டம் சம்பந்தமாக அவருக்கு வரும் சந்தேகங்களுக்கெல்லாம் என்னைத்தான் பிடிப்பார்.

"தங்கச்சி, அரிசி மூட்டையை பஸ்ஸிலை கொண்டு போறதெண்டால் ரிக்கற் எடுக்கோணுமோ?"

"மூட்டைக்கோ அண்ணை?"

"நாய்க்கு எடுக்கோணும் எண்டு போட்டிருக்கு. மூட்டை நாயைவிடப் பெரிசெல்லோ?"

வேண்டாம் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. பஸ் சாரதியிடமே கேட்டிருக்கிறார். சாரதி மூட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது கடிக்குமா?" என்று கேட்டாராம். "இல்லை எண்டன். அப்ப வேண்டாமாம்" என்று மிகுந்த நிம்மதியோடு வந்து சொன்னார். சாரதி பகிடி விட்டது அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு வருசம் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஓய்வு நாள், சத்தம் போடக் கூடாது. அதனால் உளுந்து அரைப்பது சட்டவிரோதம் என்று மிக்ஸியின் வயரைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், சனிக்கிழமை காலையிலேயே அரைத்து வைத்தார். ஞாயிறு சுட்ட வடை புளித்துப்போய், கடித்தவர்கள் எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள். "சட்டவடை" என்று அதற்கு அக்கா பெயர் வைத்தார். இன்றைக்கும் புளித்த எதைக் கண்டாலும் எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அகதி வழக்கு முடியாமல் பல வருசங்கள் இழுபட்ட மனிதர் அவர். தபால்காரர் நீதிமன்றத்தின் மஞ்சள் உறையோடு வந்தால் நெஞ்சு படபடக்கிற வருசங்கள். ஒரு சின்னப் பிழை செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எவரோ சொன்னதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, பிழையே செய்யாமல் வாழ்ந்து பார்த்திருக்கிறார். பிறகு நிரந்தர விசா வந்தது, குடியுரிமையும் வந்தது. பயம் மட்டும் போகவில்லை. பயத்துக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, அதற்குச் சட்டத்தைக் காவல் காக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இனி அந்தச் சுவருக்கு வருகிறேன்.

கடைக்குள் நுழைந்தவுடன் வலது பக்கம், மாசிக் கருவாட்டுத்தூள் போத்தல்களுக்கு மேலே ஒரு வெறும் சுவர். வுப்பர்டாலிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழர்களின் பத்திரிகை அதுதான். வாடகைக்கு அறை, பழைய தொட்டில் விற்பனைக்கு, பிள்ளை பார்க்க அக்கா தேவை, வயலின் வகுப்பு, கோயில் திருவிழா, மணமகன் தேவை, மணமகள் தேவை எல்லாம் அங்கேதான். ஒட்டுவதற்குக் காசு இல்லை. அவர் ஒருமுறை வாசித்துத் தலையாட்டினால் போதும்.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடை முடிந்த கையோடு, ஆட்களைச் சமமாக நடத்த வேண்டும் என்று ஒரு புதுச் சட்டம் வந்தது. வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரத்தில் ஆணா பெண்ணா என்று பிரிக்கக் கூடாது. இருவருக்கும் பொதுவாக எழுத வேண்டும். எங்களுக்கு அது தெரியவும் இல்லை, தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கோயில் சபையின் செயலாளர்தான் ஒருநாள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை எடுத்துவிட்டார்.

"டுசல்டோர்ஃபிலை சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிற ஒராள், பரிமாறப் பொம்பிளைப்பிள்ளை தேவை எண்டு பேப்பரிலை போட்டிருக்கிறார். ஒரு பெடியன் கேட்டுப் போனவனாம். இல்லை எண்டு சொன்னவுடனை நேரை வக்கீலிட்டைப் போட்டானாம். இப்ப நட்டஈடாம்."

செயலாளர் சொல்வதில் பாதியைத் தண்ணீரில் விடவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். சட்டத்தார் அப்படி விடவில்லை. அவருடைய கண் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. அன்று பின்னேரம் நான் வேலை முடிந்து வந்தபோது சுவர் மொட்டையாக நின்றது. அத்தனை காகிதமும் மேசையில். அவர் சிவப்புப் பேனையோடு குந்தியிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து சட்டம் அமுலுக்கு வந்தது. எதை ஒட்டினாலும் முடிவில் அடைப்புக்குறிக்குள் "ஆ/பெ" இருக்க வேண்டும். ஆண் அல்லது பெண். இல்லாவிட்டால் சுவரில் இடமில்லை.

பரதநாட்டிய ஆசிரியை (ஆ/பெ). கர்ப்பிணிக்குத் துணையாக இருக்கப் பொறுமையான அக்கா (ஆ/பெ). மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டு அழைப்பிதழோடு வந்த தாய் ஒருவரிடம் அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இதுக்கும் போடத்தான் வேணுமோ எண்டு ஒருக்கா கேட்டுச் சொல்லுறன்" என்றார். அந்தத் தாய் அழைப்பிதழைப் பறித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடையில் கருவேப்பிலைகூட வாங்கவில்லை.

டுசல்டோர்ஃபில் கணினி வேலைக்கு வந்திருந்த சென்னைத் தம்பி ஒருவர் இருந்தார். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடி, "பேச்சிலர் ரூம்மேட் தேவை" என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"பேச்சிலர் எண்டு போட ஏலாது தம்பி. ஆண், பெண் ரெண்டும் போடோணும்."

"அண்ணா, ப்ளீஸ்ணா. யாராச்சும் லேடீஸ் கால் பண்ணிட்டாங்கன்னா என் வைஃப் அடுத்த ஃப்ளைட்ட புடிச்சு வந்துடுவா."

"வரட்டும். குடும்பம் ஒண்டாய் இருக்கிறது நல்லதுதானே."

அந்தத் தம்பி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அரைக் கிலோ வெண்டிக்காயோடு போனார்.

பெரிய சண்டை வந்தது கலியாண விளம்பரத்தால். பக்கத்து ஊரில் இருந்து ஒரு தகப்பன், மகனுக்குப் பொம்பிளை தேடி, அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டு வந்தார். நல்ல குடும்பம், நல்ல வேலை, செவ்வாய் தோசம் இல்லை. சட்டத்தார் முழுவதையும் வாசித்தார். "நல்ல எழுத்து" என்றார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து, "மணமகள் தேவை" என்பதற்குப் பக்கத்தில் "(ஆ/பெ)" என்று போட்டு, பசையைத் தடவிச் சுவரில் ஒட்டினார்.

தகப்பனுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் செத்தல் மிளகாயாய்ச் சிவந்துவிட்டது.

"என்ன காணும் இது? என்ரை பெடியனுக்கு ஆம்பிளையே பாக்கிறீர்?"

"நான் பாக்கேல்லை அண்ணை. சட்டம் கேக்குது."

"எந்தச் சட்டம் ஆம்பிளையை மணமகளாய் எடு எண்டு கேக்குது?"

"எடுக்கச் சொல்லேல்லை. விண்ணப்பிக்க விடச் சொல்லுது. எடுக்கிறது எடுக்காதது உங்கடை விருப்பம்."

கடையில் நின்ற சனம் மாசித்தூள் போத்தலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தகப்பன் காகிதத்தைக் கிழிக்கப் போனார். பசை காயாததால் அது அவருடைய கையிலேயே ஒட்டிக்கொண்டது. அதை உதறி உதறி அவர் தெருவில் போன காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவர் போன பிறகு கடையில் பட்டிமன்றம்தான். செயலாளர் சொன்னார், "மரியாதை எண்டது மனசிலை இருந்து வரோணும். சட்டம் போட்டு வருமே? அடைப்புக்குறி போட்டாப்போலை பொம்பிளையளுக்கு என்ன கூடப் போகுது?"

அதுவரை பாகற்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே கேட்டார், "மனசிலை இருந்து வாறதெண்டால் எப்ப வரும் எண்டு ஒருக்காச் சொல்லுவீங்களோ? அது வருமட்டும் நாங்கள் நிண்டுகொண்டே இருக்கிறதோ?"

செயலாளர் தேத்தண்ணியைப் பார்த்தார். சட்டத்தார் சுவரைப் பார்த்தார். எனக்கு அப்போது செயலாளர் சொன்னதும் சரி, அக்கா கேட்டதும் சரி என்றுதான் பட்டது. பேச்சைச் சட்டம் போட்டுத் திருத்தினால் மணமகளுக்கு ஆண் விண்ணப்பிக்கிற கூத்து வரும். திருத்தாமல் விட்டால் அக்கா காலம் முழுக்கப் பாகற்காய் பொறுக்க வேண்டும்.

அந்தப் பாகற்காயின் கதையைச் சொன்னால்தான் அக்காவின் கேள்வி விளங்கும். வாரத்துக்கு இரண்டு தரம் விடியற்காலையில் சட்டத்தார் சாமான் ஏற்றும் வானை எடுத்துக்கொண்டு டுசல்டோர்ஃப் மொத்தச் சந்தைக்குப் போவார். அவருக்குப் பேரம் பேச வராது. சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பது சட்டப்படி சரியா என்று ஒரு சந்தேகம். சந்தைக்காரர்களுக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் விடுவார்களா? வாடியது, வதங்கியது எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அக்காவுக்கோ காயைத் தொட்டாலே அதன் வயசு தெரியும். பேரம் பேசத் தொடங்கினால் எதிராளி கும்பிட்டுவிட்டுக் கொடுப்பான். அவரிடம் ஓட்டுநர் உரிமமும் இருந்தது. முதல் தரத்திலேயே சோதனையில் பாஸ். கைப்பையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். வான் சாவியை மட்டும் சட்டத்தார் கொடுக்கவில்லை.

"நான் ஒருக்கா ஓட்டிக்கொண்டு போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு வாறனே" என்று அக்கா கேட்பார்.

"பாப்பம். அது சின்னக் கார் இல்லை, வான். அதுக்கு வேறை பலம் வேணும்."

"வானுக்கும் ஸ்ரியரிங்தானே பூட்டியிருக்கு, கலப்பையே?"

"பாப்பம், பாப்பம்."

அக்கா அதோடு கூடைக்குப் பக்கத்தில் குந்துவார். வதங்கிய பாகற்காயை ஒவ்வொன்றாக எடுத்து, அவருடைய காதுக்குக் கேட்கும்படி கூடைக்குள் போடுவார். கடைக்கு வருகிறவர்களிடம் அவ்வளவு வாயடிக்கிற பெண், அந்தச் சாவி விசயத்தில் மட்டும் உண்மையாகவே மனம் நொந்திருந்தார். "ஏலாது எண்டு சொன்னாலும் பறவாயில்லைத் தங்கச்சி. 'பாப்பம்' எண்டு சொல்லிச் சொல்லியே என்னைக் கிழவியாக்கிப் போட்டார்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

கலியாண விளம்பரச் சண்டைக்குப் பிறகு சட்டத்தாருக்கே சுவரைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ஜெர்மன் அம்மா தனியாக இருந்தார். நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டத்தாரைப் பொறுத்தவரை அவர்தான் உச்ச நீதிமன்றம். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி மாம்பழத்தோடு படி ஏறினார். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"தங்கச்சி, இது லஞ்சமாகாதோ?"

"அவ ஓய்வு பெற்றிட்டா அண்ணை. இது பழம் மட்டும்தான்."

அந்த அம்மா எங்களுக்குக் காப்பி ஊற்றித் தந்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். மணமகள் கட்டம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தெளிவாகச் சொன்னார். மற்றவர்கள் சுவரில் ஒட்டும் கலியாணக் காகிதத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அடைப்புக்குறி இருந்தாலும் ஒருவரும் சிறைக்குப் போகப் போவதில்லை. அவர் தன் கடைக்கு வேலையாள் தேடினால் மட்டும், ஆண் பெண் இருவரையும் குறிப்பிட வேண்டும்.

சட்டத்தார் என்னிடம் குனிந்தார். "ஒரு ஆம்பிளையும் ஒரு பொம்பிளையும் கேட்டு வந்தால் ஆரை எடுக்கோணும் எண்டு கேளும்."

கேட்டேன். அந்த அம்மா சொன்னார், "வேலைக்குப் பொருத்தமானவரை எடுக்கலாம். பெண் என்பதற்காக மறுக்கக் கூடாது. அதேபோல, பெண் என்பதற்காகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் இல்லை."

அதை மூன்று தரம் மொழிபெயர்க்க வைத்தார். இறங்கி வரும்போது படியில் நின்று, "தங்கச்சி, இவ சொன்னதைக் கீழை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். இத்தனை பேரை அடைப்புக்குறியோடு அனுப்பிவிட்டு இப்போது சட்டமே இல்லை என்றால் சனம் சிரிக்கும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். சரி என்றேன்.

அந்த மாரிக் குளிர்காலத்தில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. இருட்டில் வான் ஓட்டக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். வைத்தியர் சொன்னால் அதுவும் சட்டம். அன்றே சுவரின் நடுவில், வடிவான பெரிய எழுத்தில் ஒரு காகிதம் வந்தது: "சந்தைக்குப் போக வான் சாரதி தேவை (ஆ/பெ)."

அவருடைய தங்கையின் மகன்தான் அந்த வேலைக்கு வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். பார்சல் வான் ஓட்டிய பெடியன். பாரிஸில் இருந்த தங்கை ஏற்கெனவே தொலைபேசியில் தமையனிடம் உறுதி வாங்கிவிட்டார். காகிதம் சும்மா சட்டத்துக்காக.

இரண்டாவது விண்ணப்பம் தபாலில் வந்தது. முதலாம் மாடியில் இருந்து கீழே இருக்கிற கடைக்கு, முத்திரை ஒட்டி. இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது செய்கிற மாதிரி, நீலக் கோப்பு, சிரிக்காத புகைப்படம், வாழ்க்கை வரலாறு, உரிமத்தின் பிரதி. மகள்தான் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறாள். "மதிப்புக்குரிய ஐயா/அம்மா" என்று தொடங்கியது. கீழே அக்காவின் கையெழுத்து.

சனிக்கிழமை காலை நேர்முகத் தேர்வு. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை. சாமான் வாங்க வந்த சனம் சாமானை மறந்து நின்றது. மருமகனிடம் கேட்ட கேள்விகள் சீக்கிரம் முடிந்தன. பிறகு அக்கா வந்து குந்தினார். கோயிலுக்குக் கட்டுகிற சீலை, கையில் கைப்பை.

இருபது வருசமாக "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கடை பேர்?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதே?"

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்."

அவர் மனைவியை "சொல்லுங்கோ" என்று பன்மை போட்டுக் கூப்பிட்டதைக் கேட்டு ஒரு கிழவர் கையில் இருந்த தேங்காயைக் கீழே விட்டார். அக்கா பெயரைச் சொன்னார்.

"வான் ஓட்டின அனுபவம்?"

"பக்கத்துச் சீற்றிலை இருந்து பிழை பிடிச்ச அனுபவம் நிறைய இருக்கு."

"சந்தையிலை சாமான் எடுக்கத் தெரியுமோ?"

அக்கா எழுந்து போய், அன்று வந்த கூடையிலிருந்து ஒரு பாகற்காயை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அது மேசையிலேயே வளைந்து படுத்துவிட்டது. "இதை எடுத்தவருக்குத் தெரியும் எண்டால், எனக்கும் தெரியும்" என்றார்.

சனம் கைதட்டாத குறை. சட்டத்தார் சிரிக்கவில்லை. பாகற்காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தீர்ப்பு வாசிக்கிற மாதிரிச் சொன்னார்: "இந்த நாட்டுப் புதுச் சட்டப்படி, ஒரு வேலைக்கு ஒரு பொம்பிளை விண்ணப்பிச்சால் அவவுக்குத்தான் குடுக்கோணும். நான் ஒண்டும் செய்ய ஏலாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழுதான சிவப்பு விளக்கைக் கடக்காத மனிதர், ஒரு கடைச் சனத்துக்கு முன்னால் ஒரு சட்டத்தைக் கையால் செய்து நிறுத்தியிருந்தார்.

மருமகன் விடவில்லை. "அப்பிடிச் சட்டம் இருக்காது மாமா."

"நீ வாசிச்சனியோ? மேல் வீட்டு அம்மாவிட்டைக் கேட்டனான். தங்கச்சிதான் மொழிபெயர்த்தவ. கேளன்."

எல்லாக் கண்ணும் என் மேல். அவருடைய புரை விழுந்த கண்ணும்தான். அதில் அப்படி ஒரு கெஞ்சலை நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை.

"ஓம்" என்றேன். "அப்பிடித்தான் சொன்னவ."

செயலாளர் பெருமூச்சு விட்டார். "சட்டமெண்டால் பிறகென்ன. மனுசன் என்ன செய்யிறது" என்று மருமகனின் முதுகில் தட்டினார். பாரிஸுக்கும் அதே பதில்தான் போனது. மனைவிக்காகத் தங்கையின் பிள்ளையைக் கைவிட்டவன் என்ற பேச்சு வரவில்லை. மனைவிக்குப் பயந்தவன் என்று ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். சாவியை அவர் மேசையில் வைத்து, ஒரு விரலால் அக்காவின் பக்கம் தள்ளினார்.

பிறகு எங்கள் கடைக்கு நல்ல பாகற்காய் வந்தது. கீரை கீரையாகவே வந்தது. சந்தைக்காரர்கள் கும்பிட்டார்கள் என்று கேள்வி. தனியாக விடக் கூடாது என்று சட்டத்தாரும் பக்கத்தில் ஏறிக்கொள்வார். தெரு தெரிகிறதோ இல்லையோ, போக்குவரத்துப் பலகைகள் எங்கே நிற்கின்றன என்று அவருக்கு மனப்பாடம். வலப்பக்கத்தால் வருபவருக்கு வழி விடவேண்டிய சந்தி வந்தால் "வலது! வலது!" என்று கத்துவார். தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் கால் மிதிக்கும். அக்காவுக்கு அதற்கு ஒரே பதில்தான்.

"சட்டத்தோடை கதையுங்கோ. சாவி தந்தது அதுதானே."

கடையிலும் அதே கதைதான். யாராவது அக்காவின் ஓட்டத்தைப் புகழ்ந்தால், "இந்த நாட்டுச் சட்டம் தந்த சாவி. இவர் தந்ததெண்டு நினைச்சுப் போடாதேங்கோ" என்பார். சனம் சிரிக்கும். சட்டத்தார் பருப்புப் பொதிகளை அடுக்கிக்கொண்டு நிற்பார். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. நான் அவரைப் பார்த்தால் மட்டும், படியில் சொன்னது நினைவிருக்கட்டும் என்பது போல லேசாகத் தலையை அசைப்பார்.

இரண்டு மூன்று வருசத்தில் மகளுக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்தது. கடையை விற்றுவிட்டு அவர்களும் அங்கே போவதென்று முடிவாயிற்று. கடைசித் தடவையாகச் சந்தைக்குப் போன அன்று, ஊருக்கெல்லாம் விருந்து கொடுக்கச் சாமான் கூட என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். முன் சீற்றில் மூன்று பேர். அவர் நடுவில். திரும்பி வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. பின்னால் முட்டைக்கோவா மணத்தது. சட்டத்தார் தலை தொங்கி, நாடி நெஞ்சில் படத் தூங்கிப் போனார். அவர் அந்த வானில் தூங்கி நான் கேள்விப்பட்டதே இல்லை.

அக்கா அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார், "நல்ல மனுசன்தான் தங்கச்சி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஒரு நாளாவது தன்ரை வாயாலை, 'இந்தாரும், நீர் ஓட்டும்' எண்டு சொல்லியிருக்கலாம். சட்டம் வந்து சொல்ல வேண்டியிருந்துதே."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு வாய் நிற்கவில்லை.

"அக்கா, அப்பிடி ஒரு சட்டம் இல்லை."

"எது இல்லை?"

"பொம்பிளை கேட்டால் குடுக்கத்தான் வேணும் எண்டு சட்டமில்லை. பொருத்தமானவரை எடுக்கலாம் எண்டுதான் மேல் வீட்டு அம்மா சொன்னவ. அண்ணை அதை மூண்டு தரம் என்னைக் கொண்டு சொல்லுவிச்சுக் கேட்டவர். நல்லாத் தெரிஞ்சுகொண்டுதான் அண்டைக்கு அப்பிடிச் சொன்னவர்."

அக்கா கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றவில்லை. வான் ஒருதரம் முனகியது. கண்ணைத் துடைக்கிறாரா, சூரியனை மறைக்கிறாரா என்று தெரியாமல் ஒரு கை மட்டும் மேலே போய் வந்தது. தலைக்கு மேலே, உயரத் தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் எங்கள் ஊர் ரயில் ஒன்று கடகடத்துப் போனது.

அந்தச் சத்தத்தில் சட்டத்தார் திடுக்கிட்டு எழும்பினார். முன்னால் சந்தி. கண் முழுதாகத் திறக்க முன்னமே இல்லாத பிரேக்கைக் கால் மிதித்தது.

"வலது! வலது! வலப்பக்கத்தாலை வாறவைக்கு விடும்!"

நான் அந்தப் பழைய பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"ஓம், விடுறன்" என்றார் அக்கா. மெதுவாக வானை நிறுத்தினார். வலப்பக்கம் ஒரு வாகனமும் இல்லை. ஆனாலும் நிறுத்தி, அவர் சரியென்று தலையசைக்கும் வரை நின்றார்.

சட்டத்தார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் மனைவியைப் பார்த்தார்.

"என்ன," என்றார் பயந்துபோய், "உமக்குச் சுகமில்லையே?"